ரெண்டு தட்டினால் விடணும்

டங் என்று ஒரு தட்டு. மிதிக்கணும். உலகம்மாள் மிதித்தாள். பேச்சு நின்று இன்றோடு பதினோரு நாள், இப்போது ஸ்பேனரால் பேசுகிறார் மனுஷன். பழைய வேன் வண்டிக்கு அடியில், பின் அச்சுக்குக் கீழே சாக்கை விரித்து மல்லாக்கப் படுத்துக்கொண்டு ஒரு தட்டுத் தட்டினால் பிரேக்கை மிதித்துப் பிடிக்கணுமாம், ரெண்டு தட்டினால் காலை விடணுமாம். அதைக்கூடப் பெண்டாட்டி முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. சற்று முன் செம்பருத்திச் செடியைப் பார்த்துச் சொன்னார். "பிரேக்குல ஏர் எடுக்கணும். பெடலை மிதிக்க ஒரு ஆளு வேணும். ஒரு தட்டுன்னா மிதிச்சுப் பிடிக்கணும், ரெண்டு தட்டுன்னா விடணும். இஷ்டம் இருந்தா வந்து உக்காரட்டும், இல்லைன்னா வேற ஆளைப் பாத்துக்கிடுதேன்." செம்பருத்தி என்ன பதில் சொல்லும்? உலகம்மாள்தான் தையல் மிஷினை நிறுத்திவிட்டு, கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பைக்கூடக் கழற்றாமல் வந்து டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். வேற ஆளாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு இந்த மேலகரத்தில் எவன் வருவான் இவருக்குப் பெடல் மிதிக்க? இருந்த ஒரே ஒர்க்‌ஷாப்காரரோடும் போன மாசமே முறுக்கிக்கொண்டாயிற்று. எனக்குத் தெரியாதா, எனக்குத் தெரியாததையா நீ சொல்லப்போற, என்பார். பூலித்துரை என்று பெயர் வைத்ததற்கு எனக்குத்தெரியும் என்றே வைத்திருக்கலாம் இவரைப் பெற்றவர். அதைவிடக் கூத்து, பிரேக் எது ஆக்சிலேட்டர் எது என்று தெரியாத கால் என்று எந்தக் காலை ஊரைக் கூட்டி வைத்துச் சொன்னாரோ, இன்றைக்கு அந்தக் கால்தான் வேண்டியிருக்கிறது. வெட்கம் என்று ஒன்று இருந்தால் கேட்டிருப்பாரா? மிதித்த காலுக்குக் கீழே பெடல் பொதபொதவென்று அமுங்கிக்கொண்டே போனது. அடியில் அவர் எதையோ திருகினார், இன்னும் கொஞ்சம் அமுங்கியது, திருகி மூடினார். டங் டங். விட்டாள்.

இதே அமுக்கம்தான் அன்றைக்கும். இதே கால், இதே வெறுங்கால். செருப்புப் போட்டு ஓட்டினால் பெடல் எங்கே இருக்கிறது என்று காலுக்குத் தெரியாது என்பதால் எப்போதும் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஓட்டுவாள், அதையும் கேலி செய்வார். சுரண்டையில் அண்ணன் கோமதிநாயகத்தின் மகளுக்கு நிச்சயதார்த்தம். அரக்குப் பட்டு கட்டி, பின்னால் சீர்த்தட்டுகளை அடுக்கி, அவளேதான் ஓட்டிக்கொண்டு போனாள், இவர் பக்கத்தில் இருந்து வழிநெடுக நொட்டை சொல்லிக்கொண்டு வந்தார். இவர் சொல்லித் தர மாட்டேன் என்றதால் நாற்பத்தாறு வயசில் டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்து, காலேஜ் படிக்கிற பிள்ளைகளோடு வரிசையில் நின்று லைசென்ஸ் எடுத்தவள். நைட்டி தைத்து, மூட்டை கட்டி, கடையநல்லூருக்கும் செங்கோட்டைக்கும் கடைகடையாக அவளே கொண்டுபோய்ப் போடுகிறாள், மூன்று வருஷமாக, ஒரு கோழிக்குஞ்சின் மேல்கூட ஏற்றியதில்லை. அண்ணன் வீட்டு வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. சம்பந்தி வீட்டார் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். பதினைந்தடி முன்னாலேயே மிதித்தாள். மிதித்தாளா இல்லையா? மிதித்தாள். பெடல் போனது, போனது, தரைவரைக்கும் போனது, வண்டி நிற்கிற வழியாக இல்லை, எடுத்துத் திரும்ப மிதித்தாள், முன்பக்கம் எதையோ பிடித்து இழுத்த மாதிரி நின்றபோது வாழைமரம் கண்ணாடி மேல் கிடந்தது. குலையோடு சாய்ந்து சம்பந்தியின் தம்பி தோளில் வேறு விழுந்தது. நல்லவேளை, ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை. இறங்கி நின்றாள். பிரேக் பிடிக்கலை என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். இவர் இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டி விபத்தே இல்லை என்று கேடயம் வாங்கிய டிரைவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அத்தனை பேர் மத்தியில் சிரித்தார். "பிரேக்கை மிதிச்சால்லா பிடிக்கும். ஆக்சிலேட்டரை மிதிச்சிட்டுப் பிரேக் பிடிக்கலைங்கா." சம்பந்தி சிரித்தார். மரம் விழுந்தவர், அவரும் தோளைத் தட்டிக்கொண்டே சிரித்தார். கூடப்பிறந்தவனாவது வாயைத் திறந்தானா? "விடுங்க மாப்ள, பொம்பளையாளு," என்று அண்ணனும் சேர்ந்து சிரித்தான். அன்றைக்கு அவள் பந்தியில் உட்காரவில்லை. வரும்போது இவர்தான் ஓட்டினார், ரொம்ப மெதுவாக ஓட்டினார், வீட்டுக்கு வந்ததும் சாவியை எடுத்து இடுப்பில் அரைஞாண்கயிற்றோடு முடிந்துகொண்டார். அன்றிலிருந்து உலகம்மாள் நைட்டி மூட்டையோடு ஷேர் ஆட்டோவில் போகிறாள்.

டங். மிதித்தாள். ரெண்டு பிரேக் இருக்கிறதா ஒரு பிரேக் இருக்கிறதா என்று ஷேர் ஆட்டோக்காரனைக் கேட்டதுண்டா ஒருத்தராவது, பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போகிறான், அவன் ஆம்பளை, அவன் மிதித்தால் அது பிரேக்குதான். அடியில் அவர் இருமினார். டங் டங். விட்டாள். விட்டபோது இடது பக்கம் முன்னால் எங்கேயோ கறுக்கென்று ஒரு சத்தம் கேட்டது, காலில் மிதிபட்ட ஓட்டுத்துண்டு மாதிரி. பழைய வண்டி, எங்கேயாவது எதாவது கத்திக்கொண்டுதான் இருக்கும். வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது, அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல். நேற்றுச் சாயங்காலம் ஜாக்கி போட்டபோது தையல் மிஷின் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். வீட்டுத் தளம் வாசல் கேட்டைப் பார்த்துச் சரிவு, வண்டியின் மூக்கும் கேட்டைப் பார்த்து. பின் பிரேக்கைக் கழற்றணும் என்றால் ஹேண்ட்பிரேக்கை விட்டாகணும், விடாவிட்டால் வீல் மாட்டுகிற டிரம் கையோடு வராது. ஹேண்ட்பிரேக்கை விட்டால் பிறகு வண்டியைப் பிடிக்க என்ன இருக்கிறது? கியரும் இந்த வண்டியில் பின் வீலைத்தான் பிடிக்கும், அந்தப் பின் வீலையே அந்தரத்தில் தூக்கிவிட்டால் கியர் எதைப் பிடிக்கும்? அதனால் முன் வீலுக்குக் கல். பேசிக்கொண்டிருந்த காலத்தில் இதெல்லாம் அவளுக்கு அவரே சொன்னதுதான், சோற்றில் ரசம் ஊற்றிப் பிசைந்துகொண்டே சொல்லுவார். நேற்று வலது முன் வீலுக்கு முன்னால் அந்தப் பெரிய கருங்கல்லை வைத்துச் சுத்தியலால் அடித்து இறுக்கினார். இடது பக்கத்துக்கு அதன் ஜோடிக் கல் இல்லை, அதைத்தான் போன வாரம் மாடித் தண்ணித்தொட்டி மூடியிலிருந்து குரங்குகள் உருட்டித் தள்ளி ரெண்டாக உடைத்துவிட்டனவே, அதனால் பேருக்கு ஒரு அரைச்செங்கலை வைத்தார். பிறகு அச்சுக்கு நடுவில் ஜாக்கி. தூக்கினதும் ரெண்டு பக்கமும் புளியங்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, அச்சை அதன் மேல் இறக்கி, இடுப்பால் வண்டியை ஒரு இடி இடித்துப் பார்த்தார். கழற்றின வீல்களைக்கூடச் சும்மா விடவில்லை, படுக்கவைத்து வண்டிக்கு அடியில் தள்ளினார். கட்டை ஏமாற்றினாலும் வீல் தாங்குமாம். இவ்வளவு பொறுமை இரும்புக்கு உண்டு, பெண்டாட்டி சொன்ன ஒரு சொல்லுக்குக் கிடையாது.

டிரம்மைக் கழற்றினார் நேற்று. கழற்றினதும் அப்படியே குந்திக்கொண்டு பார்த்தபடி இருந்தார், எவ்வளவு நேரம், ஒரு நைட்டிக்குக் கை தைத்து முடிக்கிற நேரம். உள்ளே பிரேக் ஆயில் வழிந்து கறுத்துப்போய்ச் சொட்டிக்கொண்டிருந்தது. சிலிண்டர் கசிந்து, வீலைப் பிடிக்கிற பிரேக் ஷூவெல்லாம் ஊறி, எண்ணெயில் முக்கின மாதிரி. அடுத்த பக்கமும் கழற்றினார். அங்கேயும் அதே லட்சணம். இப்படி இருந்தால் எந்தக் கால் மிதித்தால் என்ன, அந்தக் கேடயம் வாங்கின காலே மிதித்திருந்தாலும் வாழைமரம் விழுந்துதான் இருக்கும். உலகம்மாள் மிஷினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். இப்போது எழுந்து வருவார். வந்து, உலகு, நீ சொன்னதுதான் சரி, என்பார். அப்படிக்கூட வேண்டாம், செம்பருத்தியைப் பார்த்தே சொல்லட்டும், பிரேக் போயிருந்திச்சு போலிருக்குன்னு ஒரு வார்த்தை. எழுந்தார். ஜன்னலைப் பார்த்தார், அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பழைய ஷூக்களை நேற்றைய பேப்பரில் பொட்டலம் கட்டி, சுவரோரம் சாத்தியிருந்த சிமெண்ட் ஷீட்டுக்குப் பின்னால் செருகிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஒளித்து வைக்கிறார். ஐம்பத்தாறு வயசு மனுஷன், பரீட்சைப் பேப்பரை ஒளிக்கிற மாதிரி. இன்று காலை அவர் புது சிலிண்டரும் ஷூவும் வாங்க ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குத் தென்காசி போன பிறகு பொட்டலத்தைப் பிரித்து ஒரு ஷூவை எடுத்து, வெட்டிவைத்த நைட்டித் துணிகளுக்கு அடியில் பாலிதீன் போட்டுச் சுற்றி வைத்திருக்கிறாள். என்ன செய்யப்போகிறாள் அதை என்று அவளுக்கே தெரியாது. அண்ணன் வீட்டு நடுக்கூடத்தில் கொண்டுபோய் வைப்பாள். சம்பந்தி தம்பி மடியில் வைப்பாள். இன்னமும் விரலிடுக்கில் அந்த வாடை இருக்கிறது.

டங். மிதித்தாள். பெடல் இப்போது கொஞ்சம் கெட்டிப்பட்டு வருகிறது, காற்று போகிறது என்று அர்த்தம். தொடையில் இழுத்துப் பிடிக்க ஆரம்பித்திருந்தது. மாடியில் தடதடவென்று குரங்குகள் ஓடின. ஓடட்டும், இன்றைக்கு மூடியைத் திறந்துவிடுமா பார்ப்போம். காலையில் அவள் மாடிக்குப் போனபோது தொட்டிக்குள் ஒன்று முழங்காலளவு இறங்கிக் குளித்துக்கொண்டிருந்தது, தண்ணி முழுக்க மயிர். அத்தனையும் திறந்துவிட்டுக் கழுவி, மோட்டார் போட்டு, மூடியின் மேல் கல்லைத் தூக்கி வைத்துவிட்டு வருவதற்குள் இடுப்பு விட்டுப்போயிற்று. டங் டங். விட்டாள். கறுக். கண் தற்செயலாகப் பக்கக் கண்ணாடிக்குப் போனது. கண்ணாடியின் ஓரம் காம்பவுண்டுச் சுவரில் புதுப் பூச்சும் பழைய பூச்சும் சேருகிற கோட்டுக்கு நேராக இருந்தது, உட்கார்ந்த உடனே பார்த்தாள், நேர் வெட்டு வெட்டின மாதிரி இருக்கிறதே என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. இப்போது கோட்டைத் தாண்டி நிற்கிறது. அரை இஞ்ச். முப்பது வருஷம் துணி வெட்டின கண், டேப் வேண்டாம், அரை இஞ்ச். சுவர் நகராது. அப்படியென்றால் வண்டி நகர்ந்திருக்கிறது. வண்டி எப்படி நகரும், வலது வீலுக்குக் கருங்கல் இருக்கிறதே, சுத்தியலால் அடித்து இறுக்கின கல். கல். மூடியின் மேல் தூக்கி வைத்த கல். இடுப்பு விட்டுப்போன கல். மாடிக்கு அவள் எந்தக் கல்லைத் தூக்கிக்கொண்டு போனாள்? அவளுடைய கால் தானாகவே போய்ப் பெடலை மிதித்தது, தட்டுக்குக் காத்திருக்கவில்லை.

காலையில் இவர் வெளிக்குழாயடியில் பல் விளக்கிக்கொண்டு நின்றார், முதுகைக் காட்டிக்கொண்டு. நாலடி தூரம்கூட இல்லை. அவள் குனிந்து கல்லை அசைத்து அசைத்து எடுத்தபோது வார்த்தை வாய்வரைக்கும் வந்தது. கல்லை எடுத்துட்டுப் போறேன், குரங்குத் தொல்லை, வேற கல்லு வச்சுக்கிடுங்க. வாய்வரைக்கும் வந்தது. பத்து நாளாக நான் பேசவில்லை, பதினோராம் நாள் நானாகப் போய் வாயைத் திறப்பதா, நேற்றுப் பார்த்துவிட்டும் ஒளித்து வைத்தவரிடமா, என்று முழுங்கிவிட்டாள். வேலை ஆரம்பிக்கும் முன்னால் பார்க்க மாட்டாரா, பார்த்துப் பார்த்துச் செய்கிறவர்தானே என்று விட்டவள், தொட்டி கழுவின அலுப்பில் அதை மறந்தே போனாள். அவரோ, தான் வைத்த கல் தான் வைத்த இடத்தில் இருக்கும் என்று, வாங்கி வந்ததை மாட்டிவிட்டு நேராக அடியில் படுத்துவிட்டார். அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே. போதாததற்கு, படுக்க இடம் வேண்டும் என்று அடியில் தள்ளியிருந்த ரெண்டு வீல்களையும் இழுத்துச் சுவரில் சாத்திவிட்டார். இப்போது வண்டியைப் பிடித்துக்கொண்டிருப்பது ஒரு அரைச்செங்கலும் அவள் காலும். செங்கல்தான் கறுக் கறுக்கென்று நொறுங்கிக்கொண்டிருக்கிறது. அவள் கை ஹேண்ட்பிரேக்குக்குப் போனது, பாதியில் நின்றது. எதைப் பிடிக்கும் அது? அந்தரத்தில் தொங்குகிற டிரம்மையா? கியரா? அதுவும் அதே டிரம். முன் வீலைப் பிடிக்க இந்தப் பெடலைத் தவிர இந்த வண்டியில் வேறு ஒன்றுமே இல்லை. இதையும் அவர்தான் சொல்லித் தந்திருக்கிறார், பாவி மனுஷன், ரசம் பிசைந்துகொண்டே.

டங் டங். விடணும். அவள் விடவில்லை. விட்டால் இந்தத் தடவை செங்கல் நிற்குமா, தெரியாது. வண்டி ஒரு சாண் முன்னால் போனால் போதும், புளியங்கட்டை அடுக்கு சாயும், அச்சு இறங்கும், அச்சுக்குக் கீழே அவர் தலை. டங் டங். மிதித்திருந்த காலைப் பார்த்து அவளுக்கு வேறொரு நினைப்பு வந்தது, அவள் கூப்பிடவில்லை, அதுவாக வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்த மாதிரி வந்தது. இந்தக் காலை எடுத்தால்? யார் கேட்கப்போகிறார்கள்? பிரேக் எது ஆக்சிலேட்டர் எது என்று தெரியாத பொம்பளையாளு என்று அவரே ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாரே, அண்ணனே வந்து சாட்சி சொல்லுவான், கால் மாறியிருக்கும் பாவம் என்று. எல்லோரும் நம்புவார்கள். உண்மையைச் சொன்னபோது நம்பாதவர்கள் அதை நம்புவார்கள். சீ, என்றாள் வாய்விட்டு. இது யாருடைய நினைப்பு? இருபத்தேழு வருஷம் இவருக்குப் பொங்கிப் போட்ட எனக்குள்ளேயா இது இருந்தது? கோபம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை, அடுப்பில் வைத்தால் சோறு வேகிற அளவுக்கு இருக்கிறது, அதற்காக இதுவா? காலை இன்னும் அழுத்தினாள், தன் காலைத் தானே நம்பாமல் ரெண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக் கீழே அழுத்தினாள். அதோடு இன்னொன்று தெரிந்தது. சுரண்டையில் அவள் எதை மிதித்தாள் என்று உண்மை தெரிந்த ஒரே ஆள் இந்த வண்டிக்கு அடியில்தான் கிடக்கிறார்.

மாடக்கண்ணு. அந்தப் பெயர் ஏன் இப்போது வருகிறது? இவர் பஸ் ஓட்டின காலத்தில் ஷெட்டில் கிளீனர், ஜாக்கி போட்டு நின்ற பஸ்ஸுக்கு அடியில் கிடந்தவன், பஸ் உருண்டு இறங்கிவிட்டது. இவர்தான் தோளைப் பிடித்து வெளியே இழுத்தாராம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுப் போட்டுக் கை கழுவினார், ரெண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் தையல் மிஷின் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தார். "கல்லு வச்சுத்தான் இருந்தோம் உலகு. எவனோ எடுத்திருக்கான். எல்லாரையும் கேட்டாச்சு, எடுத்தவன் வாயைத் திறக்கலை." அப்போது அவர் அழுதார். அதற்கு முன்னாலும் பின்னாலும் அவர் அழுது அவள் பார்த்ததில்லை. எடுத்தவன் வாயைத் திறந்திருந்தால் மாடக்கண்ணு திரும்பி வந்துவிடுவானா என்று அவள் கேட்டாள். அதற்கு முன்னாலேயே திறந்திருந்தா வந்திருப்பான்லா, என்றார்.

டங் டங். டங் டங். "காது செவிடாப் போச்சா?" அடியிலிருந்து வந்தது. அச்சைக் கேட்டாரா, கட்டையைக் கேட்டாரா. கத்தினால் திடுக்கிட்டு எழுந்து மண்டையை இடித்துக்கொள்ளுவார், இடித்த வேகத்தில் வண்டி ஆடும். ஹாரனும் அடிக்கக் கூடாது. சொல்லித்தான் ஆகணும், பையச் சொல்லணும். சொன்னால்? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுத்த விசேஷத்தில் சொல்லுவார், கல்லை எடுத்துட்டா, என்னைக் கொல்லப் பாத்தா என்று, சம்பந்தி சிரிப்பார், அண்ணன் பொம்பளையாளு என்பான், நைட்டித் துணிக்கு அடியில் சுற்றி வைத்த அந்த ஷூ பிறகு யாருக்கு வேணும்? ஜென்மத்துக்கும் சாவி அந்த இடுப்பை விட்டு இறங்காது. வாழ்க்கையில் ஒரு தடவை தப்பில்லாமல் நின்றவள், அந்த ஒரு தடவையையும் தன் கையாலேயே தூக்கிக்கொண்டுபோய்த் தண்ணித்தொட்டி மேல் வைத்துவிட்டாள். எரிச்சலில் கண்ணில் தண்ணி வந்தது. தொண்டையைச் செருமினாள். பதினோரு நாளாகப் பேசாத குரல் கரகரவென்று வந்தது.

"அத்தான்."

அடியில் சத்தம் நின்றது.

"நான் காலை எடுக்க மாட்டேன். பதறாமக் கேளுங்க. வலது முன் வீல்ல கல்லு இல்லை. காலையில நான்தான் தொட்டி மூடிக்கு எடுத்துட்டுப் போனேன். உங்ககிட்டச் சொல்லலை. செங்கல்லு நொறுங்குது, வண்டி அரை இஞ்ச் முன்னால வந்திருக்கு. எதையும் பிடிச்சு இழுக்காம, எதுலயும் இடிக்காம, வெளிய வாங்க."

பிறகு சாக்கு உரசுகிற சத்தம். மெதுவாக, ரொம்ப மெதுவாக. உலகம்மாள் சுவரின் கோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. காலுக்குக் கீழே பெடல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை, கால் இருக்கிறதா என்றும் தெரியவில்லை, அழுத்துகிறோம் என்கிற நினைப்பு மட்டும் இருந்தது. சாக்கு இன்னும் உரசியது. ஒரு கை தரையில் ஊன்றுகிற சத்தம். அப்புறம் பக்கக் கண்ணாடியில் அவர் எழுந்து நிற்பது தெரிந்தது, முதுகெல்லாம் மண், கையில் ஸ்பேனர். அவள் பக்கம் பார்க்கவில்லை. சுவரில் சாத்தியிருந்த வீலை உருட்டி வந்து வலது முன் வீலுக்கு முன்னால் சரித்து முட்டுக் கொடுத்தார், அடுத்த வீலை வண்டிக்கு அடியில் தள்ளினார். மாடிப்படி ஏறுகிற சத்தம் கேட்டது. குரங்குகள் கீச்சிட்டன. கல்லைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தார், முட்டுக் கொடுத்த வீலை நகர்த்திக் கல்லை வைத்துச் சுத்தியலால் நாலு அடி அடித்தார். அந்த வீலை இடது பக்கம் கொண்டுபோய்ச் செங்கல் இருந்த இடத்தில் சரித்தார். நொறுங்கின செங்கலை ஒரு கை அள்ளிப் பார்த்தார்.

டிரைவர் பக்கக் கதவருகே வந்தார். "இனி விடு," என்றார். செடியைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்துத்தான் சொன்னார்.

அவள் விடவில்லை.

"விடு உலகு. கல்லு வச்சாச்சு."

"என் காலுக்குக் கீழ இருக்கது என்னது?"

"என்ன?"

"நான் மிதிச்சுக்கிட்டு இருக்கேன்லா, இது என்னது? சொல்லுங்க."

"பிரேக்கு."

"சுரண்டையில எதை மிதிச்சேன்?"

அவர் கையிலிருந்த செங்கல் தூளைக் கீழே விட்டார். கையை வேட்டியில் துடைத்தார், இன்னொரு தடவை துடைத்தார். தெருவில் ஒரு ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு போனது. "இதைத்தான்," என்றார்.

"இதைத்தான்னா?"

"பிரேக்கைத்தான் மிதிச்ச. அது பிடிக்கலை. ரெண்டு பக்கமும் சிலிண்டர் போயிருந்திச்சு." பிறகு குரல் இறங்கியது. "நேத்தே பாத்துட்டேன்."

"நீங்க பாத்ததை நானும் பாத்தேன்." அவளுக்குக் கோபம் போகவில்லை. இந்த வார்த்தையைக் கேட்டால் நெஞ்சு குளிர்ந்துவிடும் என்று பதினோரு நாளாக நினைத்திருந்தாள், ஒன்றும் குளிரவில்லை. "அண்ணன் வீட்டுல போயி இதைச் சொல்லணும். அன்னைக்குச் சிரிச்சவங்க எல்லாரும் இருக்கையிலே சொல்லணும். அதோட சேத்து, கல்லை எடுத்தது நான், எடுத்துட்டுச் சொல்லாம இருந்தது நான்னு அதையும் சொல்லுங்க. நானும் பக்கத்துல நிப்பேன். இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

அவர் தலையை ஆட்டினார். அரைஞாண்கயிற்றில் முடிந்திருந்த சாவியைத் தடவித் தடவி அவிழ்த்தார், விரலெல்லாம் ஆயில், முடிச்சு வழுக்கிக்கொண்டே போனது. அவிழ்த்ததை டேஷ்போர்டில் வைத்தார்.

காலை எடுக்கப் பார்த்தாள். வரவில்லை, மரத்துப்போயிருந்தது. ரெண்டு கையாலும் முழங்காலுக்கு அடியில் பிடித்துத் தூக்கி எடுத்தாள். வண்டி நகரவில்லை. கண்ணாடி ஓரமும் சுவர்க் கோடும் அதே அரை இஞ்சில் நின்றன. அவர் முன் வீல் ரெண்டையும் ஒருமுறை குனிந்து அசைத்துப் பார்த்துவிட்டுப் பின்பக்கம் போனார். அடியில் தள்ளியிருந்த வீலை இந்தத் தடவை இழுக்கவில்லை, அதை ஒட்டியே ஒருக்களித்துப் படுத்து உள்ளே நகர்ந்தார். வலது பக்கம் இன்னும் ஏர் எடுக்க வேண்டியிருந்தது.

டங் என்று ஒரு தட்டு.

உலகம்மாள் மிதிக்கவில்லை. மடியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலில் ரத்தம் ஊறி ஊசி குத்த ஆரம்பித்தது. இன்னொரு தட்டுக்கு அவர் ஸ்பேனரை ஓங்கியிருப்பார், ஓங்கின கை அங்கேயே நின்றிருக்கும், சத்தம் வரவில்லை. மாடியில் தொட்டி மூடி கடகடவென்று உருண்டது. இருவரும் அதைக் கேட்டார்கள்.

"உலகு," என்றார் அடியிலிருந்து. "மிதி."

மிதித்தாள்.